மூன்றாவதாக நுழையும் வியோலா

வாண்டு வாசிப்பது வியோலா. பார்க்க வயலின் மாதிரியே இருக்கும். உருவம் கொஞ்சம் பெரிது, குரல் கொஞ்சம் கனம். "அது என்ன, ஜலதோஷம் பிடிச்ச வயலினா?" என்று கேட்காத உறவினர் கிடையாது. வாண்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

பள்ளி இசைக்குழுவில் அவர்கள் நாலு பேர், எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். கண்ணாடி முதல் வயலின், சுருட்டை இரண்டாம் வயலின். வயலினுக்கே அண்ணன் மாதிரி இருக்கும் பெரிய செல்லோவைக் கட்டிக்கொண்டு வாசிப்பவன் நெட்டை. நல்ல மெட்டு எல்லாம் எப்போதும் கண்ணாடிக்கே போய்விடும். நடுவில் இட்டு நிரப்புவது வாண்டுவின் வேலை.

இந்த வருடம் அவர்களுடைய இசை மாஸ்டர், ஃபியூக் என்ற மேற்கத்திய இசை வகையில் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்த மாதிரி எழுதித் தள்ளியிருக்காங்க. இதுல ராஜா, மந்திரி எல்லாம் கிடையாது. ஒருத்தர் மெட்டை ஆரம்பிப்பாங்க. அவங்க முடிச்சதும் அதே மெட்டோட அடுத்தவர் நுழையணும். அப்புறம் மூணாவது ஆள், நாலாவது ஆள். முன்னாடி வந்தவங்களும் சும்மா இருக்க மாட்டாங்க, வேற ஒண்ணை வாசிச்சுக்கிட்டே இருப்பாங்க."

"எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜை மாதிரி," என்றான் நெட்டை.

"அதேதான். ஆனா இது கேக்க நல்லா இருக்கும்," என்றார் மாஸ்டர்.

மூன்றாவது ஆள் வாண்டு. முழு மெட்டும் அவளுக்கு! தலைகால் புரியாத சந்தோஷத்தில், பல் தேய்க்கும்போதுகூட அதையே முணுமுணுத்தாள். தன் பங்கு மட்டுமில்லை, நாலு பேருடைய பங்கும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

சுருட்டைக்குத்தான் பயம். போன கச்சேரியில் அவன் கை பாதியில் நின்று, மொத்தக் குழுவும் நிற்க வேண்டியதாயிற்று.

"இந்தத் தடவையும் கை நின்னுச்சுன்னா, நான் வயலினையே விட்டுடுவேன்," என்று மேடைக்குப் போகும் படியில் வாண்டுவிடம் சொன்னான்.

"நிக்காதுடா."

"நின்னா?"

வாண்டு அவன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் படியேறினாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. கண்ணாடி மெட்டைக் கணீரென்று ஆரம்பித்தாள். தன் முறைக்காக எண்ணிக்கொண்டே வாண்டு பக்கத்தில் பார்த்தாள். சுருட்டையின் வில் இன்னும் மடியிலேயே கிடந்தது. முகத்தில் ஈயாடவில்லை. இன்னும் ஒரு வரி போனால் அவன் முறை.

அவனுக்காக வாசித்தால் எண்ணிக்கை தப்பிவிடலாம். வருடம் முழுக்கக் காத்திருந்த தன் மெட்டே கைநழுவிப் போகலாம். வாண்டுவின் மனம் அடித்துக்கொண்டது.

ஆனாலும் வில்லை எடுத்தாள். சுருட்டை நுழைய வேண்டிய அதே நொடியில், அவன் பக்கம் திரும்பி, அவனுடைய மெட்டை வாசித்தாள். ஒரு வரி போனது. இரண்டு வரி போனது. மூன்றாவது வரியில் பக்கத்திலிருந்து மெல்லிய வயலின் ஒலி வந்து சேர்ந்துகொண்டது.

வாண்டு வில்லைத் தூக்கிவிட்டாள். சுருட்டையின் ஒலி முதலில் நடுங்கியது, பிறகு நிமிர்ந்தது. நாலாவது வரியும் முடிந்தது. வாண்டு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் மெட்டோடு சரியான இடத்தில் நுழைந்தாள். அவளுடைய வியோலா அதற்கு முன் ஒருநாளும் அப்படி ஒலித்ததில்லை. கடைசியில் நெட்டையின் செல்லோவும் சேர, ஃபியூக் நாலு கால் பாய்ச்சலில் ஓடி முடிந்தது.

கைத்தட்டல் ஓய்ந்ததும் மாஸ்டர் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"ரெண்டாவதா மெட்டை எடுத்தது வயலின் இல்லையே. யார் அது?"

வாண்டு தன் செருப்பைப் பார்த்தாள். எழுதாததை வாசித்தால் மாஸ்டருக்குப் பிடிக்காது. அவள் வாயைத் திறப்பதற்குள் சுருட்டை முன்னால் வந்தான்.

"நான் நின்னுட்டேன் மாஸ்டர். இவதான் எடுத்துக் கொடுத்தா. அப்புறம் நான் பிடிச்சுக்கிட்டேன்."

மாஸ்டர் வாண்டு பக்கம் திரும்பினார்.

"உன்னோட மெட்டை விடலையே?"

"இல்ல மாஸ்டர்."

"இதை எழுதினவர் கேட்டிருந்தா, அந்த இடத்துல வியோலாவையும் சேர்த்தே எழுதியிருப்பார்," என்று சொல்லி, அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

வாண்டுவுக்கு அந்த இடத்திலேயே ஒரு சாண் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. சுருட்டை வயலினைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"நாளைக்குப் பயிற்சி நாலு மணிக்குத்தானே?"

"நாலு மணிக்குத்தான்," என்றாள் வாண்டு. பெருமை தாங்காமல் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.