புகைவழியில் ஓர் ஓடு

நவம்பர் இரண்டாம் தேதி, காலை ஒன்பதேகால். புகைபோக்கி துடைக்கும் ஃபிர்மான் வாசலில் பூட்ஸைக் கழற்றினார்.

"கிஸ்லேன் அடக்கத்துக்கு வந்ததுதான் கடைசி. பதினோரு வருஷம். தானே துடைச்சுக்குவேன்னு உங்க வீட்டுக்காரர் என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டார்."

"இன்ஷூரன்ஸ்காரங்க சான்றிதழ் கேட்டாங்க," என்றாள் ஒடில்.

கணவன் லூசியனிடம் அவள் சொல்லவில்லை. ஒரு வாரமாக அவன் தொழுவத்தில்தான் படுக்கிறான். பசுக்கள் கன்று போடும் காலம்.

பழைய கணப்புக் குழிக்குள் பொருத்திய இரும்பு அடுப்பு. படுக்கப்போகும்முன் பெரிய பீச் மரக்கட்டை ஒன்றைப் போட்டுக் காற்றுத் துளையைக் குறைத்துவிட்டால், விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். ஜூரா மலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மேலறைக்கும் அந்தச் சூடுதான். அங்கேதான் ஒடில் தூங்கினாள். லூசியனின் முதல் மனைவி கிஸ்லேன் தூக்கத்திலேயே போனதும் அங்கேதான். இதயம் என்றார்கள்.

ஃபிர்மான் புகைவழியை மூடியிருந்த மேல்தகட்டைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார்.

வந்தது ஒரு கூரை ஓடு. சிவப்பு இன்னும் தெரிந்தது. போன மாதம் தொழுவக் கூரைக்கு லூசியன் வேய்ந்த ஓடு.

"பாதி வழியை அடைச்சிருக்கு. பகல்ல தெரியாதும்மா. ராத்திரி காத்தைக் குறைச்சா, விஷவாயு வீட்டுக்குள்ள திரும்பும். வாசனையே இருக்காது."

மறுபடி கையை விட்டார். புகைவழியின் பின்பக்கத் திட்டில் இன்னொரு ஓடு, உடைந்த பாதி. அதில் பல வருஷப் புகைத்தார் இறுகியிருந்தது.

அவர் அதைச் செய்தித்தாளில் மெதுவாக வைத்தார்.

"ஜன்னலைத் திறந்துவெச்சா தூங்கறீங்க?"

"மூடிட்டுத்தான்."

காலையில் திறந்திருக்கும். ஒரு வாரமாக. தினமும் லூசியன் திட்டினான். மறதி என்று அவளும் நம்பியிருந்தாள்.

இருவரும் மேலே போனார்கள். ஜன்னல் கொக்கியில் கரி. ஐந்து விரல் தடங்கள்.

ஒடில் தன் விரல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அவளுடையவை சின்னவை.

கீழே கதவு திறந்தது. அவர்கள் இறங்கி வந்தபோது லூசியன் ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான்.

"என்கிட்ட கேட்காம எதுக்கு இவரைக் கூப்பிட்டே?"

மேலே, ஆளில்லாத அறையில், ஜன்னல் கொக்கி விலகும் சத்தம் கேட்டது. படிக்கட்டில் குளிர்காற்று இறங்கியது.

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். லூசியன் மட்டும் உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

"கிஸ்லேன் செத்த அன்னைக்கு, லூசியன்," என்றாள் ஒடில், "அந்த ஜன்னல் மூடியிருந்துச்சா?"