மலைக்கு ஒரு லோடு

நசீம் பானு வீட்டார் இரண்டு தடவை ஊட்டிக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். முதல் தடவை ஊட்டி அவிநாசியோடு முடிந்துபோனது. இரண்டாவது தடவை சோமனூரோடு.

காரணம், அவர்களுடைய பழைய மெட்டடார் வேன் அல்ல. அது நல்ல வேன். காரணம், அதை ஓட்டிய அத்தாதான்.

பானுவின் அத்தா காஜா மொய்தீனுக்கு திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருந்தது. துணி பின்னுவதற்கு நாலு மெஷின், தைப்பதற்கு இரண்டு மெஷின். துணியைச் சுருட்டி, வேனில் ஏற்றி, கேட்டவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவரேதான். வண்டி விஷயத்தில் அவருக்குச் சில சட்டங்கள் உண்டு.

"வண்டி சும்மா போகக் கூடாது." இது முதல் சட்டம்.

"ஏத்துன சரக்கு வாசலுக்குத் திரும்பி வரக் கூடாது." இது இரண்டாவது.

முதல் சட்டத்தால்தான் ஊட்டி கைவிட்டுப் போனது. போகிற வழிதானே என்று அவிநாசியில் இறக்குவதற்கு நாலு துணிச் சுருளை ஏற்றினார். இறக்கின இடத்தில், "வந்ததே வந்தீங்க, இந்த நூல் மூட்டையை உங்க ஊர்ப்பக்கம் எறக்கிருங்களேன்" என்றார்கள். வண்டி அப்படியே திரும்பிவிட்டது. அம்மா சைதுன்னிசா கட்டிக்கொண்டு போன தக்காளிச் சோற்றை எல்லோரும் ஒரு நூல் குடோனில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சோமனூரிலும் ஏறக்குறைய அதே கதைதான். கூடவே தறிச் சத்தம். தம்பி ஜமாலுக்கு ஆறு வயது. அவன் அதுதான் ஊட்டி என்று நினைத்துக்கொண்டான்.

"ஊட்டியில ஒரே சத்தமுங்க மிஸ். பேசுனா காதே கேக்காதுங்க" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டும் வந்தான்.

காலாண்டு விடுமுறை வந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால், மொட்டை மாடியில் நின்றால் தெற்கே மலைகள் நீலமாகத் தெரிந்தன. பானு கீழே இறங்கி வந்தாள்.

"அத்தா, மலைக்குப் போலாமுங்களா?"

"போலாங் கண்ணு. அந்தப் பக்கம் லோடு என்ன இருக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"லோடு எதுக்குங்க? அதான் நாங்க இருக்கறமில்லீங்களா?"

அத்தா சிரித்தார். "ஆளெல்லாம் ஒரு லோடா?"

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். "நான் சோறு கட்டித் தர்றேனுங்க. எங்க உக்காந்து திங்கறதுன்னு மட்டும் இனிமே கேக்கறதில்லை."

அத்தாவின் சட்டத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று பானுவுக்குப் புரிந்தது. சண்டை போடாமல் வேறு என்ன செய்யலாம் என்று யோசித்தாள்.

கம்பெனியில் தைக்கிற ராமுத்தாய் அக்கா, தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுடைய மூத்த அக்கா சீனியம்மாள் வால்பாறையில் தேயிலை பறிக்கிறவள். அவள் அந்த வாரம் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். பானு அவள் கால்களைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

"பெரியம்மா, காலுல என்னங்க இத்தனை புள்ளி?"

"அட்டைப் பூச்சி கடிச்ச தழும்புத்தா. மழைக்காலத்துல தேயிலைக்குள்ள போனா, புல்லுல இருந்து சத்தமில்லாம ஏறிரும். ரத்தத்தக் குடிச்சுட்டு, வயிறு நெறஞ்சதும் தானா விழுந்துரும்."

"சாக்ஸ் போட்டுக்கலாமில்லீங்களா?"

"கடையில விக்கிற சாக்ஸு கணுக்காலோட நின்னுருது. அட்டை அதுக்கு மேல போயிக் கடிக்குது. அது என்னத்தா பண்ணும், அதுக்கும் பசிக்குமில்ல?"

மறுநாள் பானு கம்பெனிக்குப் போனபோது, மூலையில் கிடந்த துண்டு ரிப் குவியலைப் பார்த்தாள். பனியனின் கழுத்திலும் கையிலும் ஓரமாக வைத்துத் தைக்கிற துணிக்கு ரிப் என்று பெயர். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். மெஷினிலிருந்து வரும்போதே அது குழாய் மாதிரிதான் வரும். பானு ஒரு துண்டை எடுத்து, காலில் மாட்டி இழுத்தாள். அது முழங்காலைத் தாண்டிப் போய், பிடித்துக்கொண்டு நின்றது.

ராமுத்தாய் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்ன பாப்பா, காலுக்குச் சட்டை போடுறியா?"

"அக்கா, இதை ரெண்டா மடிச்சு, அடியில மட்டும் தெச்சு அடைச்சுட்டா?"

ராமுத்தாய் சிரிப்பை நிறுத்தினாள். துண்டை வாங்கி இழுத்துப் பார்த்தாள். "அட்டை உள்ள போக வழி இருக்காது" என்றாள் மெதுவாக. "எங்கக்காவுக்கு மட்டுமில்ல பாப்பா, அங்க லயன்ல இருக்கிற எல்லாருக்கும் தைக்கலாம் போலயே."

லயன் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். சீனியம்மாள் ஊருக்குப் போன பிறகும், ராமுத்தாய் சாப்பாட்டு நேரத்தில் தைத்தாள், பானு நூல் பிசிறுகளை வெட்டினாள். ஒரு சாக்கு நிறைந்தது. அத்தாவிடம் பானு ஒன்றையும் மறைக்கவில்லை. தொடங்கும்போதே கேட்டிருந்தாள்.

"அத்தா, அந்தத் துண்டு ரிப்பை எடுத்துக்கலாமுங்களா?"

"வேஸ்ட்டுக்குப் போறதுதானே. எடுத்துக்க."

சனிக்கிழமை சாயங்காலம் சொன்னாள். "அத்தா, ஒரு டெலிவரி இருக்குதுங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அத்தா நிமிர்ந்தார். "எங்க?"

"வால்பாறைக்குங்க. சீனியம்மாள் பெரியம்மா லயனுக்கு. சும்மா குடுக்கறதுதானுங்க. ஆனா சரக்கு சரக்குதானுங்களே?"

அத்தா சாக்கைத் தூக்கிப் பார்த்தார். வாய்க்கட்டை அவிழ்த்து, ஒரு காலுறையை இழுத்துப் பார்த்தார். தையலைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி கட்டி, அவரே வண்டியில் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கினார்.

"சரக்குதான்" என்றார்.

அன்று ராத்திரி பானு ஒரு பனியன் டப்பாவின் மூடியில் பள்ளிக்கூட வரைபடத்தைப் பார்த்து வழி வரைந்தாள். ராமுத்தாய் சொன்ன நல்ல இடங்களுக்கு எல்லாம் ஒரு வட்டம் போட்டாள். ஆழியாறு அணை ஒரு வட்டம். குரங்கு அருவி ஒரு வட்டம். மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளாம், அதில் ஒன்பதாவதில் பெரிய வட்டம். வரையாடு நிற்கும் என்று சொன்ன இடத்தில் கொம்பு வைத்த வட்டம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். முன்னால் அத்தா, நடுவில் பானு, அம்மா, அம்மா மடியில் ஜமால். பின்னால் சாக்கோடு ராமுத்தாய். பல்லடம் போனது. பொள்ளாச்சி வந்தது. டீசல் போட வண்டி நின்றது. பக்கத்திலேயே மஞ்சள் பலகை மாட்டிய டெலிபோன் பூத்.

"கம்பெனிக்கு ஒரு போன் போட்டுட்டு வந்தர்றேன்" என்று அத்தா இறங்கினார்.

அம்மா பானுவைப் பார்த்தாள். பானு அம்மாவைப் பார்த்தாள்.

அத்தா திரும்பி வந்த நடையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. "சோமனூர்ல இருந்து ஆள் வந்து உக்காந்திருக்கறாராம். கம்பெனியில நம்ம பையன் நூருல்லா தனியா முழிக்கறான். திரும்பிரலாம். அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்."

"சோமனூரா? அப்ப மறுபடியும் ஊட்டிக்குங்களா?" என்றான் ஜமால்.

யாரும் சிரிக்கவில்லை. பானு மடியிலிருந்த டப்பா மூடியைப் பார்த்தாள். ஆனாலும் அழுகிற குரலில் பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

"சரிங்கத்தா. அப்ப சாக்கை எங்க எறக்கறதுங்க?"

"எந்தச் சாக்கு?"

"நீங்க கயிறு போட்டுக் கட்டுனதுங்க."

அத்தா பின்னால் திரும்பிப் பார்த்தார். சாக்கு இருந்தது. அதன்மேல் கை வைத்துக்கொண்டு ராமுத்தாய் இருந்தாள். அவள் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. அத்தா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு மறுபடியும் பூத்துக்குப் போனார். அவர் குரல் வண்டி வரைக்கும் கேட்டது.

"நூருல்லா, நாளைக்குக் காலையில வரச் சொல்லிரு. நான் டெலிவரியில இருக்கறேன்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதன் பிறகு வண்டி பறந்தது. அதுதான் சிக்கலாகவும் ஆனது. ஆழியாறு அணை வந்தது, போனது.

"அத்தா, இங்க நிக்கோணுமுங்க!"

"எறக்கிட்டுப் பாத்துக்கலாங் கண்ணு. லோடு இருக்கறப்ப வண்டி வழியில நிக்காது."

பானு இந்த மூன்றாவது சட்டத்தை மறந்தே போயிருந்தாள். குரங்கு அருவியின் சத்தம் மட்டும் கேட்டது. வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை, பலகையில் ஓர் எண். அத்தாவின் கண் பாதையை விட்டு நகரவில்லை. மலைப்பாதையில் அதுதான் சரி என்று பானுவுக்கும் தெரியும்.

"ஒன்பதாவது வளைவுங்க! இங்கிருந்து அணை முழுசாத் தெரியுமாமுங்க!"

"எறக்கிட்டு."

"நான் பாத்துட்டேன் பாப்பா" என்றாள் ராமுத்தாய் பின்னாலிருந்து. "கண்ணாடித் துண்டு கணக்கா பளிச்சுன்னு ஒரு நொடி தெரிஞ்சுது."

மேலே போகப் போகக் குளிர்ந்தது. "வரையாடு! வரையாடு!" என்று ஜமால் கத்தினான். பானு திரும்புவதற்குள் அது பின்னால் போய்விட்டது.

"எப்படிடா இருந்துச்சு?"

"தெரியல. வாலை மட்டுந்தான் பாத்தேன்."

லயனுக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தது. சீனியம்மாள் ஓடி வந்தாள். சாக்கை அவிழ்த்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி மாட்டிப் பார்த்தார்கள். வாசலில் வரிசையாக வெள்ளைக் கால்கள்.

"அடியாத்தி, நாரை கணக்கா இருக்கோம்!" என்றாள் ஒருத்தி.

"முழங்காலுக்கு மேல வருதே! யாருத்தா அளவு எடுத்தது?" என்று சீனியம்மாள் கேட்டாள்.

"நாந்தானுங்க. என் காலுலதான் போட்டுப் பாத்தேன். இழுத்தா விரியுமுங்க."

அத்தாவால் சும்மா இருக்க முடியவில்லை. "நம்ம கம்பெனி ரிப்புங்க. எத்தனை இழுத்தாலும் விட்டதும் பழைய அளவுக்கு வந்துருமுங்க" என்று, ஒரு காலுறையை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார்.

சீனியம்மாள் அவித்த மரவள்ளிக் கிழங்கும் பால் ஊற்றாத கட்டன் தேநீரும் கொடுத்தாள். அம்மாவின் சோற்றுப் பை அவிழ்க்கப்படாமலே இருந்தது. புறப்படும்போது, பக்கத்துக் கடைக்கார ஆறுச்சாமி வண்டியைச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, திருப்பூர் வண்டிங்களா? கீழ சும்மாத்தான் போகுதுங்களா?"

"ஏனுங்க?"

"ரெண்டு மூட்டை தேயிலைத் தூள் இருக்குதுங்க. பொள்ளாச்சியில எறக்குனாப் போதுமுங்க."

அத்தாவின் கை தானாகவே பின்கதவின் தாழ்ப்பாளுக்குப் போனது.

பானு டப்பா மூடியை எடுத்து அத்தாவிடம் நீட்டினாள்.

"இது என்ன கண்ணு?"

"நாம வந்த வழிங்க."

"இந்த வட்டமெல்லாம்?"

"நிக்கலாம்னு நெனச்ச எடமுங்க."

அத்தா ஒவ்வொரு வட்டமாக விரலை நகர்த்தினார். அணை. அருவி. பெரிய வட்டம். கொம்பு வைத்த வட்டம்.

"எங்கயுமே நிக்கலையே?"

"இல்லீங்க" என்றாள் பானு. "தேயிலையை ஏத்திக்கலாமுங்கத்தா. ஆனா ஏத்துனா எறங்கறப்பவும் நிக்க முடியாதுங்களே. அதான் கேட்டுக்கலாம்னுங்க."

அத்தா மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறுச்சாமி மூட்டையைத் தூக்க ஆளைக் கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்கோணுமுங்க" என்றார் அத்தா. "வண்டி சும்மா போகலீங்க."

ஆறுச்சாமி பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு வெறும் சாக்கும், ராமுத்தாய்க்கு அவள் அக்கா கொடுத்த கீரைக்கட்டும்தான் இருந்தன. "உள்ள ஒண்ணையும் காணமுங்களே?"

"முன்னால வந்து பாருங்க" என்றார் அத்தா. "ஃபுல் லோடு."

இறங்கும்போது வண்டி நின்றது. கேட்ட இடத்தில் எல்லாம் ஓரமாக ஒதுங்கி நின்றது. தேயிலைச் செடிகளைப் பார்த்து அத்தா, "கட்டிங் மாஸ்டர் வெட்டுன மாதிரி என்ன ஒரு மட்டம்!" என்றார். மூடுபனி எழுந்து வந்தபோது, "இத்தனையும் பஞ்சா இருந்தா நூலுக்கு நாம அலையவே வேண்டாம்" என்றார். பாறைமேல் ஒரு வரையாடு நின்றது. கொம்பும் முகமும் உடம்பும் வாலுமாக முழுதாக நின்றது. ஜமால் அதற்கு வணக்கம் சொன்னான்.

ஒன்பதாவது வளைவில் அத்தா வண்டியை ஓரங்கட்டி, என்ஜினையும் அணைத்தார். கீழே ஆழியாறு அணை, மாலை வெயிலில், விளிம்பு வரை ததும்பிக் கிடந்தது. அதற்கு அப்பால் தென்னந்தோப்புகள். அதற்கும் அப்பால், புகை மாதிரி தெரிகிற எங்கோ ஓரிடத்தில், திருப்பூர் இருக்க வேண்டும். எல்லோரும் இறங்கிக் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றார்கள்.

"அத்தா" என்றான் ஜமால் மெதுவாக. "இந்த ஊட்டியில சத்தமே இல்லீங்களே."

அம்மா வண்டியிலிருந்து சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஏனுங்க, இப்பக் கேக்கலாமுங்களா? எங்க உக்காந்து திங்கறதுன்னு?"

அத்தா வண்டிக்குள்ளிருந்து சாக்கை எடுத்து உதறினார். அணை நன்றாகத் தெரிகிற பக்கமாகக் கைப்பிடிச் சுவரில் அதை விரித்தார்.

"இங்க" என்றார்.

தக்காளிச் சோறு நன்றாக ஆறிப்போயிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.