தூண் கேட்ட விலை

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

ஏழாவது மணி. இன்னும் எடுக்கவில்லை!

வினிஃப்ரெட் பாஸ்கோ ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். த்ரெல்ஃபால் இரண்டாவது மணிவரை விட்டதே கிடையாது. ஏல நாளில், ஸ்காட்லாந்து எல்லையோரப் பண்ணை வீட்டில் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்.

லண்டனில் ஹாக்பின் ஏலக்கூடம். அரிய ஒயின்களின் வியாழக்கிழமை ஏலம். நேரில் வராத பெரிய புள்ளிகளுக்காக ஓரமாக ஒரு மேஜை, நாலு போன். கூடத்தில் ஓடுகிற விலையை போனில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் 'சரி' என்றால் இந்தப் பக்கம் கை தூக்க வேண்டும். அதுதான் அவள் வேலை.

ஒன்பது வருஷமாக த்ரெல்ஃபாலுக்கு அவள்தான் கை. முகம் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஆறு ஏலம்... ஏலத்துக்குப் பத்து நிமிஷம். ஐம்பத்தெட்டு வயதில், அவளிடம் அத்தனை நேரம் பேசுகிற வேறு ஆள் கிடையாது.

"...ஹலோ."

"சார்! பயந்தே போயிட்டேன். நம்ம ஐட்டம் வரப்போகுது. பன்னண்டு பாட்டில் போர்ட் ஒயின், தொண்ணூறு வயசு. உங்க உச்சவரம்பு இருபதாயிரம் பவுண்ட்தானே?"

"வரம்பெல்லாம் வேணாம், மிஸ் பாஸ்கோ. எவ்வளவு போனாலும் எடுத்துடுங்க."

ஏலப் பட்டியலில் ஓடிய அவள் விரல் நின்றது.

முந்நூறு பவுண்ட் ஏறினாலே முணுமுணுக்கிற மனிதரா இது? வழக்கமாகப் பின்னணியில் குரைத்துத் தள்ளுகிற நாய் எங்கே?

"மஸ்டர்ட் சத்தமே காணோமே, சார்?"

"தூங்கறான்." குரல் காகிதம் போல் உலர்ந்திருந்தது. "அப்புறம்... பாட்டிலை அனுப்பறப்போ வெள்ளைக் கோடு கீழே இருக்கற மாதிரி படுக்க வைக்கச் சொல்லுங்க. மறந்துடாதீங்க. கீழே."

வினிஃப்ரெட் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பழைய போர்ட் பாட்டில்களில் மேல்பக்கமாக வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு கோடு இழுத்திருப்பார்கள். எங்கே எடுத்துப்போனாலும் கோடு மேலே இருக்க வேண்டும். கவிழ்த்தால் அடியில் தங்கின மண்டி கலங்கி, ஒயின் பாழ்! இந்தத் தொழிலில் எடுபிடிக்கும் தெரிகிற பாடம். த்ரெல்ஃபால் வாயில் தப்பாக வருமா?

வராது.

பக்கத்தில் நிற்கிற எவனோ ஒருவனுக்கு அது தெரியாது என்றால் மட்டும் வரும்!

ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கினாள். *த்ரெல்ஃபால் மிரட்டப்படுகிறார். ஏலத்தை நிறுத்துங்கள்.* மேடைக்கு அனுப்பினாள்.

சுத்தியலோடு நின்ற முதலாளி லூசியன் ஹாக்பின் படித்தார்.

மடித்தார்.

பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சிரித்தார்!

"அடுத்தது போர்ட், பன்னிரண்டு பாட்டில்! பதினைந்தாயிரம்... போனில் இருபது... பின்வரிசையில் முப்பது!"

பின்வரிசையா? வினிஃப்ரெட் திரும்பிப் பார்த்தாள். இரண்டு காலி நாற்காலி. ஒரு கல் தூண்.

தூணா விலை கேட்கிறது!

"முப்பதாம், சார்," என்றாள் போனில்.

"எடுங்க..."

"போனில் ஐம்பது! பின்வரிசை எண்பது!"

அவளுக்கு எல்லாம் விளங்கியது. பாட்டில் போலி. பொய்ப் பேரில் விற்கிறவன் ஹாக்பினேதான். அவனுடைய ஆள் பண்ணை வீட்டில் துப்பாக்கியோடு. சுத்தியல் விழுந்ததும் த்ரெல்ஃபால் பணத்தை மாற்றணும். அப்புறம்? ஒண்டிக்கட்டைக் கிழவர் படியில் வழுக்கி விழுந்தார் என்றால் எவன் கேட்கப்போகிறான்?

'அவருக்கு யாருமே இல்லை, பாவம்' என்று போன மாதம் டீ குடிக்கும்போது ஹாக்பினிடம் சொன்னது யார்?

அவளேதான்!

இரண்டாவது சீட்டு, பக்கத்து போனைக் கவனிக்கும் மோட் என்பவளிடம் போனது. முகவரி. *போலீஸ். உடனே!* மோட் படித்துவிட்டு, தன் போனைக் கையால் மறைத்துக்கொண்டு டயல் செய்தாள். நிமிஷம் கழித்து ஒரு பதில் சீட்டு: *நாற்பது நிமிஷம் ஆகுமாம்.*

"போனில் நூறு! பின்வரிசை நூற்றிருபதாயிரம்!" ஹாக்பின் சுத்தியலை ஓங்கினார். "போனில்... நூற்றறுபது சொல்கிறீர்களா, மிஸ் பாஸ்கோ?"

வினிஃப்ரெட் ரிசீவரைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"இல்ல, சார். என் ஆள் விலகிட்டார்."

ஹாக்பினின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"நல்லாக் கேட்டுப் பாருங்க!"

"கேட்டாச்சு சார். பின்வரிசைக்கே குடுத்துடுங்க. வாங்கினவரோட ஏல அட்டை நம்பர் என்னன்னு சொன்னா எழுதிக்கறேன்!"

நூறு வியாபாரிகளின் தலை ஒரே நேரத்தில் திரும்பியது. தூண் கம்மென்று நின்றது. எவரோ களுக்கென்று சிரித்தார். ஹாக்பினின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மேடையை விட்டு இறங்க வழியில்லை. கூட்டம் மொத்தமும் நம்பர் கேட்டுக் கத்துகிறது!

அவள் ரிசீவரிலிருந்து கையை எடுத்தாள். "வாழ்த்துகள் சார்! உங்களுக்கே விழுந்துடுச்சு. பணம் கட்ட வேண்டிய கணக்கு நம்பர் தர்றேன். அதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் பாரம் ஒண்ணு இருக்கு. எல்லாக் கேள்விக்கும் பதில் வந்தாத்தான் நம்பர்."

போனுக்குள், த்ரெல்ஃபாலுக்குப் பின்னால் ஒரு கரகரத்த குரல். "சீக்கிரம் முடி, கிழவா!"

"கேளுங்க, மிஸ் பாஸ்கோ."

பாரம் எங்கே இருக்கிறது? வெற்று மேஜையைப் பார்த்தபடி கேட்க ஆரம்பித்தாள்.

"இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"...இதுவுமா கேக்கறாங்க?"

"புது ரூல், சார்."

"நேத்து மிஞ்சின சூப்."

"கூட யார்?"

"மஸ்டர்ட்."

"சாப்பாட்டு மேஜையில எத்தனை நாற்காலி?"

"ஆறு. அஞ்சு மேல தூசி."

"என் வீட்ல ரெண்டு. ஒண்ணு மேல துணி." வாய் தவறி வந்துவிட்டது. "அடுத்த கேள்வி... வாங்கின பாட்டில்ல எத்தனையைத் திறந்திருக்கீங்க?"



"ஒண்ணுகூட இல்ல. பழைய போர்ட்டைத் திறந்தா அன்னிக்கே காலி பண்ணணும், மிஸ் பாஸ்கோ. ஒரு ஆளால முடியுமா?"

வினிஃப்ரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு நிமிஷம். முப்பத்தொன்பது...

தடால்! கதவு உடையும் சத்தம். ஒரு அலறல். போன் விழுந்தது.

"சார்! சார்!!"

உஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் மட்டும். ஒரு யுகம் போனது.

லொள்!

"மஸ்டர்டைக் கொட்டகைல அடைச்சிருந்தான், படுபாவி," என்றது மூச்சு வாங்கும் குரல். "இப்ப திறந்து விட்ட போலீஸ்காரர் கால்சட்டைலயே இவன் பல் பதிச்சுட்டான். மிஸ் பாஸ்கோ... பாரத்துல இன்னும் கேள்வி பாக்கி இருக்கா?"

"நிறைய இருக்கு, சார்."

"அப்ப நேர்ல வாங்க. ஒரு பாட்டிலைத் திறந்து வைக்கறேன். ஆமா, இந்தத் துப்பாக்கிக்காரனை அனுப்பின ஹாக்பினை என்ன பண்ணுவாங்க?"

வாசலில், மோட் வரவழைத்த இரண்டு காவலர்கள் ஹாக்பினை வேனுக்குள் குனிய வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"போர்ட்டுக்குப் பண்றதுதான், சார். பத்து வருஷம் இருட்டறையில, அசைக்காமப் படுக்க வைப்பாங்க... மண்டி தானா அடியில தங்கிடும்!"