விரல் ஷிஃப்ட்

காலை ஷிஃப்டுக்கு வந்த பூங்கோதை கையுறையைக் கழற்றினாள். பிராணவாயு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்த துளைக்குள், ஸ்டீபனின் விரலை ஒட்டித் தன் விரலையும் நுழைத்தாள். மறு கையைத் தலைமைக் கணினியின் உலோகச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டாள். அதன் பிறகுதான் ஸ்டீபன் தன் விரலை உருவினான்.

"ராத்திரி பூரா மூக்கு அரிச்சுது அக்கா" என்று ஆசை தீரச் சொறிந்துகொண்டான்.

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் இதுவும் ஒரு வேலை. கடைசிப் புழுதிப் புயலுக்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் இருந்த நுண்கட்டுப்படுத்திக்கு மறதி நோய் பிடித்துவிட்டது. நிரலை ஏற்றினால் சற்று நேரத்தில் மறந்துவிடும். ஆகவே தலைமைக் கணினி ஒரு கேபிள் வழியாக அதற்கு நிரலை எழுத்தெழுத்தாக ஓயாமல் ஊட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இங்கிருந்து எழுத்தாகப் புறப்பட்டது அங்கே குப்பையாகப் போய்ச் சேர்ந்தது. அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் மாற்றிப் பார்த்தார்கள். வேகத்தைக் குறைத்தார்கள். புதுக் கேபிள் போட்டார்கள். எதுவும் பலிக்கவில்லை. களைத்துப்போன ஸ்டீபன் ஒரு கையைக் கணினியிலும் ஒரு விரலைத் துளையிலும் வைத்துச் சாய்ந்தபோதுதான் திரையில் எழுத்துகள் சுத்தமாக வந்தன.

காரணத்தைப் பூங்கோதை அன்றே கண்டுபிடித்துவிட்டாள். மின்னழுத்தத்தை அளக்க ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பூச்சியம் வேண்டும். கணினியின் பூச்சியத்தையும் பெட்டியின் பூச்சியத்தையும் சேர்த்து வைத்திருந்த கம்பி புயலில் அறுந்திருந்தது. இப்போது அவள் உடம்புதான் அந்தக் கம்பி. துளை வழியே வேறு கம்பியைச் செருகினால் இயந்திரத்தின் அதிர்வில் நழுவியது. மற்றவர்களின் விரல்கள் இந்த வறட்சியில் விறகாகிவிட்டதால் மின்சாரம் ஓடவில்லை. உள்ளங்கை வியர்க்கும் உடம்பு இவர்கள் இருவருக்குத்தான்.

மூடியைத் திறந்து ஒரு சாண் கம்பியை முறுக்கினால் தீர்ந்தது. ஆனால் மூடி திறந்தால் இயந்திரம் நின்றுவிடும். "அஞ்சு நிமிஷம் சார்" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நிலைய மேலாளர் வரதராசன் பதறிப்போவார்.

"நாம மூச்சு விடுற காத்தும்மா. ஓடுறதைப் போய் நிறுத்தச் சொல்றியே."

நாளை மறுநாள் பூமிக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்தது இரண்டு ஆண்டு கழித்து. ஊரில் விட்டுவந்த மகள் இப்போதெல்லாம் திரையில் அவளைப் பார்த்தால் "ஆன்ட்டி" என்று கூப்பிடுகிறாள். ஆனால் பூங்கோதை போய்விட்டால் நாள் முழுக்க ஸ்டீபன் ஒருவனால் நிற்க முடியாது. அதனால் அவளுடைய விடுப்பு கையெழுத்தாகாமல் கிடந்தது.

சற்று நேரத்தில் வரதராசன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பூமிப் பஞ்சாங்கப்படி அன்று ஆயுத பூஜை. ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், மீட்டர், கம்பிச் சுருள் எல்லாம் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொண்டன. பக்கத்தில் ஒரு தட்டுப் பொரி. பிறகு அவர் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார். குடியிருப்பே ஓய்ந்துபோயிற்று.

"சார், காத்து?"

"தொட்டியில ரெண்டு நாளைக்கு இருக்கும்மா. வருஷத்துல ஒரு நாள் மிஷினுக்கும் ஓய்வு வேண்டாமா?"

பூங்கோதை விரலை உருவினாள். "அப்போ இப்பவே மூடியைத் திறந்துடறேன் சார். அந்த ஸ்க்ரூ டிரைவரை..."

"பூஜையில வெச்சதைத் தொடலாமா?"

"சரி, நாளைக்குக் காலையில. ஓட விடறதுக்கு முன்னாடி."

"மொதல்ல மிஷின் ஓடணும். அப்புறந்தான் சாமானை எடுக்கணும். அதுதானே முறை?"

"ஓட ஆரம்பிச்சுட்டா நிறுத்த விடமாட்டீங்களே."

"ஓடுறதை எப்படிம்மா நிறுத்தறது?" அவர் முகத்தில் நிஜமான கவலை இருந்தது.

ஸ்டீபன் அவள் காதருகே வந்து, "நகத்தால திருகிப் பார்க்கலாமா அக்கா?" என்றான். அவள் மூடியின் பக்கம் கையை நீட்டினாள். வரதராசன் அந்தக் கையைப் பிரியமாகப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேளை, ஞாபகம் வந்துச்சு. இத்தனை நாளா நம்ம எல்லாரையும் காப்பாத்தின ஆயுதத்தை விட்டுட்டேனே."

விரல் நுனியில் சந்தனம் தடவி, அதன் மேல் குங்குமம் வைத்தார். "இன்னைக்கு முழுக்க இதுக்கும் ஓய்வு. எந்த வேலையும் செய்யக் கூடாது."

பிறகு ஸ்டீபனைப் பார்த்தார். அவன் ஸ்க்ரூவின் மேல் வைத்திருந்த நகத்தை மெல்ல எடுத்து, விரலை அவர் முன்னால் நீட்டினான்.