சோப்பு உறையிலிருந்து ஒரு வாய்

நேற்று மாலை மூடி ஒட்டிய வாய் காலையில் திறந்திருந்தது.

ஈரக்காற்றுக்குப் பசை விட்டிருக்கும் என்றுதான் சொர்ணம்மாள் முதலில் நினைத்தாள். தாராவியில், அறுபத்தாறாம் வருஷத்து ஆவணி மழைக்கு அப்பளமே நமத்துப்போயிற்று, காகிதம் எம்மாத்திரம்! ஆனால் படம் ஒட்டிய அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அந்த நினைப்பு நிற்கவில்லை. மேடு தட்டக்கூடாதே என்று, அடியில் இருந்த அசல் வாயை அவளே பிளேடால் சுரண்டி எடுத்திருந்தாள். வெறும் வெள்ளைதான் மிஞ்சியிருந்தது. இப்போது அங்கே பல் தெரிந்தது.

அவள் பிழைப்பே இதுதான். மாட்டுங்காவில் ஒரு போட்டோ கடைக்காகச் செத்துப்போன பெண்களை அழகாக்கிக் கொடுப்பாள். கூட்டப் படத்திலிருந்து தலையைக் கத்தரித்து, காலண்டர் மகாலட்சுமியின் பட்டுப்புடவை உடம்பில் ஒட்டுவாள். கடைக்காரர் அதை மறுபடி படமெடுத்தால் ஒட்டு தெரியாது. உயிரோடு இருந்தவளுக்கு ஒரு கம்மல் வாங்கித் தராத புருஷன்மார்கள் செத்தவளுக்கு ஒட்டியாணம் கேட்பார்கள். அவர்கள் வேண்டாம் என்றதை, கறுத்த கைகளை, எத்துப்பல்லை, முறைக்கிற கண்களை, அவள் எறிவதில்லை. கதவின் பின்பக்கம் ஒட்டி ஒட்டி ஆளுயரத்துக்கு ஒருத்தியை உண்டாக்கி வைத்திருந்தாள். சீனி கடன் கேட்கிற சாக்கில் எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் அதை எட்டிப் பார்க்காத நாள் கிடையாது.

“ஏட்டி சொர்ணம், இவளுக்குத் தாலி கட்ட எவன்ட்டி வருவான்?”

“வந்தாலும் இவளே வேண்டாம்னுருவா, மைனி.”

இந்த முறை வந்த தலை அவள் தங்கை செண்பகவல்லியுடையது. ஸ்டவ் வெடித்தது என்று தங்கை புருஷன் கணேசபாண்டியன் சொன்னான். வரிசை வீடுகளாக இருந்த அந்தச் சால் முழுக்க வேறு சொன்னது, அவன் இல்லாத நேரமாகப் பார்த்து. வருஷம் திரும்பவில்லை, இன்றைக்கு அவனுக்கு மறுகல்யாணம். புதிதாக வருகிறவள் மூத்தாள் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்ட பிறகுதான் விளக்கேற்ற வேண்டும். இல்லையென்றால் மூத்தாள் விடமாட்டாளாம்.

செண்பகத்துக்கு இருந்தது ஒரே படம். யாரோ வீட்டுக் கல்யாணத்தில், ஓரத்தில் நின்று, அக்கா பக்கம் திரும்பி என்னவோ சொல்ல வாயெடுத்த நேரம். “போட்டோ எடுக்காவ, சும்மா இருட்டி” என்று அன்றைக்கு அடக்கியவள் சொர்ணம்மாள்தான். என்ன சொல்ல வந்தாள் என்று பிறகு கேட்கவில்லை.

“அந்த வாய மட்டும் மூடிருங்க மைனி, பாக்க நல்லால்ல” என்றிருந்தான் கணேசபாண்டியன். நகலெடுக்க நேரமில்லை. அசலிலேயே பிளேடு வைத்தாள். சோப்பு உறையில் அச்சடித்திருந்தவளின் மூடிய உதடு, ரோஜா நிறம், அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

அந்த உதட்டை இப்போது தேடினாள். பாய்க்கடியில், பசைக் கிண்ணத்தில், வாசல் இடுக்கில். இல்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தோல் பட்டறை வாடையோடு மண்ணெண்ணெய் வாடை ஒன்று மெல்ல வந்து கலந்தது. அவள் இன்று அடுப்பே மூட்டவில்லை.

அட்டையைக் காதருகே வைத்தாள். பைத்தியக்காரத்தனம்தான்.

மூச்சு. சூடாக. பேச்சு இல்லை.

இதைப் பார்த்தால் அவன் வேண்டாம் என்பான். தங்கையின் முகம் தனக்கே திரும்பிவிடும். அந்த நப்பாசையில் முந்தானைக்குள் பொத்திக்கொண்டு கல்யாண வீட்டுக்கு நடந்தாள்.

கணேசபாண்டியன் படத்தில் முகத்தைப் பார்க்கவே இல்லை. பட்டுக்கரையைப் பார்த்தான். “இப்பதான் லட்சணமா இருக்கா” என்று ஆணியில் மாட்டினான். திறந்த வாய் கூடத்தைப் பார்த்தது. கூடம் கேசரியைப் பார்த்தது.

மணப்பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சின்னப் பெண். குனிந்த தலை. மாலை போட்டாள். கும்பிட்டாள்.

“வந்ததுலேர்ந்து வாயே தெறக்கல. தங்கமான பிள்ள” என்றாள் ஒருத்தி.

பெண் நிமிர்ந்தாள். சொர்ணம்மாளைத்தான் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர்.

அவள் முகத்தில் அந்த ரோஜா நிற உதடு. மூடியது. புள்ளி புள்ளியாக, அச்சடித்தது.

கண்ணீர் இறங்கியது. உதட்டின் ஓரம் நனைந்தது. மெல்லச் சுருண்டு எழும்பியது.

அடியில் வாய் இல்லை. சுரண்டிய வெள்ளை.