ரைசர் குழாயில் ஏறி வந்தது

"கோளாறுன்னு எழுதுனவரு உள்ள உக்காந்திருக்காரு. கயித்துல தொங்கப் போறது நானு. நாளைக்கு இறங்குனா குடியா முழுகிடும்?"

"காத்து ஒரு மணி நேரம்தான்யா அடங்கும். மாமா எழுதுன சென்சாரை மச்சான் மாத்தப் போறே, குடும்பத் தொழில்தானே! இறங்கு, இறங்கு," என்றார் ஃபோர்மேன்.

கதவுக்கு இந்தப் பக்கம் கண்காணிப்பு என்ஜினியர் டீயைக் கீழே வைத்தார். கயிற்றில் இறங்கப்போகிற மனைவியின் தம்பிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவர். கோளாறு என்று எழுதியதும் அவர்தான்.

கடலடி எண்ணெய்க் கிணற்றிலிருந்து இந்த மிதக்கும் மேடைவரை ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குத் தொங்கியது ரைசர் குழாய். நீரோட்டத்தில் நடுங்கி விரிசல் விடாமல் இருக்கப் புதிதாகச் சுருள் தகடு சுற்றி, மேலே ஒன்று தொடங்கி அடியில் இருபதுவரை, நடுக்கத்தை அளக்கும் சென்சார்கள் மாட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை இருபதாவதில் ஒரு துடிப்பு வந்தது. அலையின் நடுக்கம் தாறுமாறாக இருக்கும். இது நிதானமாக, ஒரே சீராக, விடாமல் துடித்தது. புரியாத அளவீடு வந்தால் 'சென்சார் கோளாறு' என்று குறித்துவிடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். குறித்தால் அலாரம் வாயை மூடும். அவரும் குறித்தார். செவ்வாய் பதினைந்து. புதன் ஒன்பது. நேற்று நான்கு. இன்று காலை ஒன்று.

டீசலும் ஈர இரும்பும் மணக்கும் அறையில், காலடித் தரை தூங்குகிறவனின் மார்புபோல் எழும்பித் தாழ, அவர் அந்தப் பட்டியலை இப்போதுதான் ஒருசேரப் பார்த்தார். இருபதும் பதினைந்தும் ஒன்பதும் நான்கும் தாமாகவே சரியாகியிருந்தன. கெட்டுப்போன சென்சார் தானாக எப்படிக் குணமாகும்?

எதுவோ ஏறி வந்திருக்கிறது. மேலே வந்து, காத்திருக்கிறது.

வாக்கிடாக்கியைப் பாய்ந்து எடுத்தார்.

"மாப்ள, மேல வா."

"இப்பத்தானே இறங்குனேன். அக்கா திட்டுவாளேன்னு பயமா மாமா?"

"விளையாடாதடா. வா!"

"இருங்க... குழாய் என்ன மாமா, மெத்துனு இருக்கு?"

பிறகு பேச்சில்லை.

கயிறு இழுக்கும் வின்ச் சுற்றியது. கயிறு வந்தது. இடுப்புப் பட்டை வந்தது. எல்லாக் கொக்கியும் பூட்டியபடியே.

உள்ளே ஆளில்லை.

திரையில் ஒன்று அடங்கியது. நான்கு துடித்தது. ஒன்பது. பதினைந்து. நிதானமாக ஒரு துடிப்பு. அதை ஒட்டியே இன்னொன்று. வேகமாக. பதறிக்கொண்டு.

இருபதில் போய் இரண்டும் தங்கின.

ஆறு நாளாகிறது. அந்த இரண்டாவது துடிப்பின் பதற்றம் இன்னும் குறையவில்லை. தம்பி போய்விட்டான் என்று அவர் மனைவியிடம் சொல்வதா, கீழே இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்வதா? கடலில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவருக்காகக் கேட்கிறேன், தயவுசெய்து பதில் போடுங்கள்.