கடைசி ஏட்டில் சஹ்லூன் பெயர்

எல்லாரும் சௌக்கியந்தானே? முழங்கால் வலி, கண் எரிச்சல் ஒன்றும் இல்லையே? அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஜெருசலேமுக்குக் கிழக்கே பாறைப் பள்ளத்தாக்கில் இருந்த கிறிஸ்தவத் துறவிகளின் மடத்தில், அன்று மதியம் சாப்பாட்டுக்கு மணிபோல மரப்பலகையைத் தட்டினார்கள். சஹ்லூன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். அவன் முன்னால் மட்டும் கிண்ணம் இல்லை.

"என்ன யன்னா, என் கிண்ணத்த ஆடு தின்னுடுச்சா?"

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த யன்னா சிரிக்கவில்லை. "மன்னிச்சுக்குங்க. விருந்தாளி வந்தது தெரியல. நீங்க எந்த ஊரு?"

பதினெட்டு வருடமாகப் பக்கத்து அறையில் படுப்பவன் கேட்கிற கேள்வியா இது? சஹ்லூன் பந்தியைப் பார்த்தான். மடத்துத் தலைவர் புது ஆட்களுக்குச் செய்வதுபோல் மரியாதையாகத் தலையசைத்தார். ஏடு எழுதும் பஸீலை மட்டும் காணோம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ஏட்டறைப் பக்கமிருந்து, வெயிலில் காய்ந்த பாறைச் சுவர் வழியாக, ஆட்டுத்தோல் வாடையும் மைக் கசப்பும் கலந்த சூடான காற்றோடு, கத்தியால் எழுத்தைச் சுரண்டுகிற சத்தம் நிதானமாக, விடாமல் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுரண்டலுக்கும் அவன் உதட்டோரம் எரிந்தது.

வேதப் புத்தகத்தில் பவுல் எழுதிய கடிதங்களைக் கிரேக்கத்திலிருந்து அரபிக்குக் கொண்டுவர அவனுக்குப் பன்னிரண்டு வருடமானது. அவன் சொல்லச் சொல்ல, உயிர் நண்பன் பஸீல் ஆட்டுத்தோல் ஏடுகளில் எழுதினான். போன வாரம் முடித்தபோது, வழக்கப்படி கடைசி ஏட்டில் ஒரு வரி சேர்த்தார்கள்: 'இதை அரபியாக்கிய பாவி சஹ்லூனுக்காக, படிக்கிறவர்களே, வேண்டிக்கொள்ளுங்கள்.' பிள்ளை குட்டி, உறவு என்று யாருமில்லாதவனுக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம்.

ஓடினான்.

ஏட்டறையில் பஸீல் கடைசி ஏட்டின்மேல் குனிந்திருந்தான். பக்கத்தில் வெள்ளைத் தூள்.

"அடப்பாவி! என்னடா பண்ற?"

"கத்தாதே. நாளைக்கு இது டமாஸ்கஸ் போகுது. எத்தனை கோயில்ல வாசிப்பாங்க தெரியுமா?"

"அது என் பேருடா!"

"எழுதின கை யாருது? பன்னெண்டு வருசம் முதுகு ஒடிஞ்சது யாருக்கு? ஊரெல்லாம் உனக்கு வேண்டிக்கும், எனக்கு யாரு?"

"கேட்டிருந்தா ரெண்டு பேரையும் போட்டிருப்பேனே."

பஸீல் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "உன் பேரா? எங்க, சொல்லு பாப்போம்."

சஹ்லூன் வாயைத் திறந்தான். நாக்கு புரண்டது. ஒன்றும் வரவில்லை. அம்மா கூப்பிட்ட பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். ஒரு எழுத்துகூட வரவில்லை.

பஸீல் கத்தியை வைத்துவிட்டு, சுரண்டின இடத்தை வழவழப்பாக்கும் தேய்ப்புக்கல்லை எடுத்தான். தேய்த்தான். மெதுவாக. வட்டமாக.

சஹ்லூன் கத்தப் பார்த்தான். கை வாய்க்குப் போனது.

வாய் இல்லை.

தடவினான். வழவழப்பு. மூக்குக்குக் கீழே முகவாய்வரை ஒரே தோல். இழுத்துக் கட்டிக் காயவைத்த தோல்.

பஸீல் தூளை ஊதினான். நாணல் பேனாவை மையில் தோய்த்து, தேய்த்த இடத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கினான்.

அங்கே ஏட்டில் பேனா நகர்ந்தது. இங்கே சஹ்லூனின் முகத்தில், வாய் இருந்த இடத்தில், அரபி எழுத்துப்போல வலமிருந்து இடமாக, மை ஈரம் ஊர்ந்தது.

உங்களில் யாருக்காவது கூட இருந்தவரே இப்படிச் செய்திருந்தால் எனக்கு எழுதுங்கள். பெயர் போட்டு எழுதுங்கள்.